பஞ்சத்தின் பிள்ளை, எழுப்புதலின் தாய்



இந்த மாதம் பண்டித ரமாபாய் அம்மையாரைப் பற்றி எழுதும்படி கர்த்தர் என் உள்ளத்தில் ஏவினார். அவர்களுடைய பெயரை நம்மில் அநேகர் கேட்டிருக்கிறோம். மகாராஷ்டிரத்தில் முக்தி மிஷனை ஆரம்பித்தவர்கள், 1905-ம் வருஷத்து எழுப்புதலைக் கண்டவர்கள் என்று பிரசங்கங்களில் சொல்லுவார்கள். நானும் அவ்வளவுதான் அறிந்திருந்தேன். அவர்கள் கடந்துவந்த பாதை எனக்குத் தெரியாது. அதை அறிந்துகொள்ளும் காலம் எனக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் வியாதியாய்ப் படுத்திருந்த எட்டு மாதமும் நாங்கள் ஜெபித்தோம். உபவாசித்தோம். சபையார் வீட்டுக்கு வந்து கண்ணீரோடு ஜெபித்தார்கள். அவர் எழுந்திருப்பார் என்று நான் முழு நிச்சயமாய் விசுவாசித்தேன். ஆனால் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு சகோதரி என்னிடம் வந்து, விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் அக்கா, ஆராய்ந்து பாருங்க என்று சொல்லிட்டுப் போனாங்க. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. அதற்குப்பின் ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்தித் துதிக்கும்போது என் கைகள் மட்டும் மடியிலேயே கிடக்கும். வாய் பாடும், உள்ளம் பாடாது.

அந்த நாட்களில்தான் எங்கள் போதகர் ரமாபாய் அம்மையாரின் சரித்திரப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். அதை வாசித்து நான் பெற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

காட்டில் பிறந்த குழந்தை

ரமாபாய் 1858-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்கமூலா என்னும் காட்டில் பிறந்தார்கள். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் கற்கக்கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில் அவர் தம்முடைய மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்தார். அதனால் சொந்த ஜாதியாரின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டு காட்டில் போய் வீடு கட்டினார். அந்த அம்மா பொழுது விடியும் முன்னே சிறுமி ரமாவை எழுப்பி, மடியில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுப்பார்களாம். பன்னிரண்டு வயதுக்குள் ஆயிரக்கணக்கான சுலோகங்கள் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம்!

கையிலிருந்த பணமெல்லாம் தானதர்மத்திலும் விருந்தாளிகளை உபசரிப்பதிலும் கரைந்துபோனது. குடும்பம் முழுவதும் ஊர் ஊராய் நடந்து, கோவில்களில் புராணம் வாசித்துப் பிழைத்தது. புண்ணிய தீர்த்தம் ஒவ்வொன்றிலும் குளித்தார்கள், விரதம் ஒவ்வொன்றையும் கைக்கொண்டார்கள். சமாதானம் மட்டும் கிடைக்கவில்லை.

தெற்கே கொடிய பஞ்சம் வந்தது. பிச்சை எடுக்க வெட்கம். கூலி வேலைக்குப் போகவும் பழக்கம் இல்லை. வீட்டுப் பாத்திரங்களை விற்றார்கள், நகைகளை விற்றார்கள், நல்ல துணிகளையும் விற்றார்கள். கடைசியில் திருப்பதி மலையை ஒட்டிய காட்டுக்குள், இனி சாகத்தான் வேண்டும் என்று போய்விட்டார்கள். பதினொரு நாள் தண்ணீரும் இலைகளும் கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும்தான் ஆகாரம். கண் பார்வை மங்கிப்போன தகப்பனார் 1874-ல் இறந்தார். சில வாரங்களுக்குள் தாயாரும் இறந்தார்கள்.

தாயாரின் கடைசி நாட்களைப் பற்றி வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்து அழுதுவிட்டேன். ஜுரத்தில் புலம்பிக்கொண்டு அம்மா ஆகாரம் கேட்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கம்பு ரொட்டி கேட்கப் போய் நிற்கிறாள். கேட்க நாக்கு வரவில்லை, கண்ணீர்தான் வருகிறது. அந்த வீட்டு அம்மாள் மனமிரங்கி ரொட்டியைக் கொடுக்கிறார்கள். நன்றி சொல்லவும் வார்த்தை வரவில்லை, வாங்கிக்கொண்டு ஓடிவருகிறாள். ஆனால் அந்தத் தாயால் அதைச் சாப்பிட முடியவில்லை. அம்மா இறந்தபின் பாடையைச் சுமக்க நான்கு பேர் கிடைக்கவில்லை. அண்ணன் ஸ்ரீநிவாசனோடு இரக்கப்பட்ட இருவர் வந்தார்கள். நான்காவது ஆளாக ரமாபாயே சுமந்தார்கள். உயரம் போதாததால் தோளில் வைக்க முடியாமல் பாடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்!

பின்பு அக்கா கிருஷ்ணாபாயும் வாந்திபேதியில் இறந்தார்கள். மீதியானது அண்ணனும் தங்கையும். இருவரும் நாலாயிரம் மைலுக்குமேல் நடந்தே வடதேசமெல்லாம் அலைந்தார்கள். காலில் செருப்பு இல்லை, போர்த்திக்கொள்ள கம்பளி இல்லை. பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் கல்லறைபோலக் குழி தோண்டி, அதற்குள் படுத்து, தலையை விட்டு மீதி உடம்பெல்லாம் மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். இவ்வளவுக்கும் மத்தியில், தாங்கள் கும்பிட்டதெல்லாம் பதில் கொடுக்கவில்லையே என்ற கேள்வி அவர்கள் இருதயத்தில் வளர்ந்துவந்தது.

புகழும் துக்கமும்

1878-ல் அண்ணனும் தங்கையும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் பேசுவதைக் கேட்டு அங்குள்ள பண்டிதர்கள் ஆச்சரியப்பட்டு, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். நேற்றுவரை மணற்குழியில் படுத்தவருக்கு இன்று மாலையும் மரியாதையும். ஆனால் 1880-ல் அண்ணனும் வியாதிப்பட்டு இறந்துபோனார். தான் போனபின் தங்கை தனியே என்ன செய்வாளோ என்பதுதான் அவருடைய கடைசிக் கவலை. நம்மை விசாரிக்கக் கடவுளைத் தவிர வேறு யாருமில்லையே என்று தங்கை சொல்ல, அப்படியானால் எனக்குப் பயமில்லை என்று சொல்லி அவர் கண்ணை மூடினாராம். அந்தக் கடவுள் யார் என்று இருவருக்கும் அப்போது தெரியாது!

அதே வருஷத்தில் ரமாபாய், பிபின் பிஹாரி தாஸ் மேதாவி என்னும் வங்காள வக்கீலை மணந்தார்கள். அவர் வேறு ஜாதி. அதனால் இரு பக்கத்து உறவும் அறுந்தது. அசாம் பக்கத்தில் சில்ச்சார் ஊரில் குடியிருந்தார்கள். அங்கே கணவருடைய புத்தகங்களுக்கு நடுவில் ஒருநாள் வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் கிடைத்தது. அது அங்கே எப்படி வந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பிரியமானவர்களே, கர்த்தர் தம்முடைய வசனத்தை எந்த வழியாய் அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. நாம் கொடுக்கிற ஒரு கைப்பிரதி எந்த அலமாரியில் எந்த ஆத்துமாவுக்காகக் காத்திருக்கிறதோ!

1881-ல் மனோரமா என்ற மகள் பிறந்தாள். பத்து மாதத்தில், 1882 பிப்ரவரியில், கணவர் வாந்திபேதியில் இறந்தார். திருமண வாழ்வு நெடுங்காலம் நீடிக்கவில்லை. இருபத்துநாலு வயது நிறையாத விதவை, கையில் பெண் குழந்தை. தகப்பன், தாய், அக்கா, அண்ணன், புருஷன், எல்லாரையும் எட்டு வருஷத்துக்குள் மண்ணுக்கும் நெருப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் விதவை என்றால் அபசகுனம். தலையை மொட்டையடித்து மூலையில் உட்காரவைப்பார்கள். ரமாபாயோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூனாவுக்கு வந்து, பெண்களுடைய கல்விக்காகச் சங்கம் ஏற்படுத்தினார்கள்.

அன்பு பிடித்த இடம்

1883-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார்கள். மதம் மாறுவதில்லை என்ற உறுதியோடுதான் போனார்கள். அங்கே வாண்டேஜ் என்ற ஊரில் கிறிஸ்தவ சகோதரிகளின் மடத்தில் தங்கினார்கள். அந்தச் சகோதரிகள் லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்தில் நடத்திவந்த ஒரு இல்லத்துக்கு அவர்களை அழைத்துப்போனார்கள். அது பாவ வாழ்க்கையில் விழுந்துபோன பெண்களை எடுத்துச் சீர்ப்படுத்தும் இல்லம். நம் நாட்டில் அப்படிப்பட்ட பெண்களுக்கு இரக்கமே கிடையாது என்று வளர்ந்தவர்கள் ரமாபாய். இவர்களோ அந்தப் பெண்களைக் குளிப்பாட்டி, பராமரித்து, மகளே என்று அழைக்கிறார்களே, இது எப்படி என்று கேட்டார்கள். ஒரு சகோதரி பதிலாக யோவான் நாலாம் அதிகாரத்தைத் திறந்து, கிணற்றண்டையில் இயேசு சமாரிய ஸ்திரீயைச் சந்தித்ததை வாசித்துக்காட்டினார்கள். அதுதான்! அண்ணனும் தங்கையும் ஆயிரம் மைல் கணக்காய் நடந்து தேடியும் காணாத தேவனை ரமாபாய் அந்தக் கிணற்றருகே கண்டார்கள். 1883 செப்டம்பர் 29-ந் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இங்கேயும் ஒரு மரணம் உண்டு. இந்தியாவிலிருந்து கூட வந்த தோழி ஒருத்தி, அந்நிய தேசத்தில் மனம் கலங்கி, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். இந்தத் துக்கத்தையும் சுமந்துகொண்டுதான் ரமாபாய் அந்த நாட்களைக் கடந்தார்கள்.

1886-ல் அமெரிக்கா போனார்கள். நம் தேசத்து விதவைகளின் நிலைமையைப் பற்றி 1887-ல் புத்தகம் எழுதினார்கள். அதை வாசித்தவர்கள் பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் அமைத்துப் பத்து வருஷத்துக்கு உதவ முன்வந்தார்கள். 1889 மார்ச் 11-ந் தேதி பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளியைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் அது பூனாவுக்கு மாறியது.

இன்னொரு விசேஷத்தையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்று எட்டு வருஷத்துக்குப்பின், ஹாஸ்லம் என்ற போதகரின் சாட்சியை வாசித்தபோது ரமாபாய் உணர்வடைந்தார்கள். தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுபிடித்தோமேயன்றி கிறிஸ்துவை அல்ல என்று அறிந்து, ஒன்றுமில்லாத பாவியாய் அவருடைய பாதத்தில் விழுந்தார்கள். அப்போதுதான் இரட்சிப்பின் சந்தோஷம் வந்தது. பல பாஷைகளை அறிந்த பண்டிதைக்கே இது தேவைப்பட்டது. பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிற நமக்கு?

அந்தச் சந்தோஷம் வந்த கையோடு சோதனையும் வந்தது. காலையில் தம்முடைய அறையில் மகளோடு ஜெபிப்பார்கள். கதவை மூடமாட்டார்கள். சில விதவைப் பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பூனா முழுவதும் கூக்குரல். பத்திரிகைகள் திட்டின. 1893-ல் ஆலோசனைக் குழுவில் இருந்த பெரியவர்கள் விலகினார்கள். இருபதுக்கும் அதிகமான பெண்களை வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரமாபாய் கதவை மூடினார்களா? இல்லை. யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் என் ஆண்டவரை ஒளித்துவைத்து ஜெபிக்கமாட்டேன் என்று நின்றார்கள்.

பசி திரும்பி வந்தது

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். செய்தி கேட்டவுடனே ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்தது. தாயாரின் பசி நினைவுக்கு வந்தது. கையில் பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் புறப்பட்டுப் போனார்கள். அங்கே பஞ்ச நிவாரண முகாம்களில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் பார்த்தார்கள். ஆதரவற்ற பெண்களைப் பாவத்தில் தள்ளுவதற்கென்றே சுற்றித்திரிந்த மனிதர்களையும் பார்த்தார்கள். ஏறக்குறைய 300 பேரைச் சேர்த்துக் கூட்டிவந்தார்கள்.

பூனாவிலோ அப்போது பிளேக் வியாதி. இத்தனை பேரைப் பட்டணத்தில் வைத்திருக்க நகராட்சி சம்மதிக்கவில்லை. இங்கேதான் கர்த்தருடைய முன்னறிவைப் பாருங்கள்! பூனாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் கேட்கான் என்ற கிராமத்தில் ஏற்கெனவே 100 ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார்கள். அங்கே கொட்டகை போட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். முக்தி என்று பெயரிட்டார்கள். முக்தி என்றால் இரட்சிப்பு. அமெரிக்கச் சங்கத்தார் ஒப்புக்கொண்ட பத்து வருஷமும் 1898-ல் முடிந்தது. அப்புறம் யார் மாதாமாதம் கொடுப்பார்? ஜெபம்தான். 1900-ல் குஜராத்திலும் பஞ்சம் வந்தபோது மேலும் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். ஏறக்குறைய 2000 பேர் அங்கே சாப்பிட்டார்கள், படித்தார்கள், நெசவும் தையலும் அச்சுவேலையும் விவசாயமும் கற்றார்கள். விழுந்துபோன பெண்களுக்குக் கிருபா சதன் என்று தனி இல்லம். ஃபுல்ஹாமில் கண்டதை மறக்கவில்லை! கண் தெரியாதவர்களுக்கு மனோரமா பிரெய்ல் எழுத்தைத் தடவி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் யோசித்தேன். பதினாறு வயதில் ஒரு ரொட்டி கேட்க நாக்கு வராமல் நின்ற அந்தப் பெண்ணைக் கர்த்தர் மறந்துவிடவில்லை. அந்தப் பசியை அறிந்தவர்களுக்குத்தான் 2000 பேரின் பசி புரிந்தது. இதனால் அவர்களுடைய தாயார் பட்டினியாய்ச் செத்தது நல்லது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் கர்த்தர் அந்தத் துக்கத்தை வீணாய்ப் போகவிடவில்லை.

அக்கினி இறங்கியது

1904-ல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் பற்றி எரிந்த செய்தி முக்திக்கு எட்டியது. 1905 ஜனவரியில் ரமாபாய், எழுப்புதலுக்காகத் தினமும் கூடி ஜெபிக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். எழுபது பேர் முன்வந்தார்கள். மாதங்கள் செல்லச்செல்ல அந்த எண்ணிக்கை 550 ஆனது. கவனியுங்கள், இவர்கள் யார்? பஞ்சத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட அநாதைகள், ஊர் ஒதுக்கிய விதவைகள். பெரிய படிப்பாளிகள் அல்ல.

ஜூன் 29-ந் தேதி அதிகாலை மூன்று மணிவாக்கில் ஒரு பெண் ஆவியானவரால் நிரப்பப்பட்டாள். தன்மேல் அக்கினி இறங்குவதாக உணர்ந்து கதறினாள். பக்கத்திலிருந்த இன்னொரு பெண், அவள்மேல் நெருப்புப் பற்றிவிட்டது என்று எண்ணித் தண்ணீர் எடுத்துவர ஓடினாள்! ஊற்றப்போகும் சமயத்தில்தான் இது அடுப்பு நெருப்பு அல்ல என்று தெரிந்தது. மறுநாள் ஜூன் 30-ந் தேதி ரமாபாய் வழக்கம்போல அமைதியாய் யோவான் எட்டாம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். பெண்கள் சத்தமிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டிருந்த ரமாபாய் பேச்சை நிறுத்திவிட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட வேலைகள் நின்றன. பாவ அறிக்கை, கண்ணீர், பின்பு அடக்கமுடியாத சந்தோஷம். அல்லேலூயா! 1906-ல் அந்நிய பாஷைகளில் பேசும் வரமும் அங்கே விளங்கியது. ரமாபாய் அதைத் தடுக்கவில்லை.

அமெரிக்காவில் அசுசா தெருவில் 1906 ஏப்ரலில் ஆரம்பித்த எழுப்புதலைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு ஏறக்குறைய பத்து மாதம் முன்பே நம்முடைய இந்திய மண்ணில் தேவன் இதைச் செய்தார்! முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஆபிரகாம்ஸ் அம்மையார் இதைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, தென் அமெரிக்காவில் சிலி தேசத்திலிருந்த தம் தோழிக்கு அனுப்பினார்கள். 1909-ல் அங்கே எழும்பிய பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு அது ஒரு தூண்டுதலாயிற்று. பஞ்சத்தில் தப்பிய பிள்ளைகளின் ஜெபம் கடல் தாண்டிப் போனது!

கடைசிப் பாத்திரம்

எழுப்புதலின் தாய்க்கு அப்புறம் கஷ்டமே இல்லை என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மை அல்ல. அவர்களுக்குக் காது மந்தமானது. உடல் தளர்ந்தது. அப்படியிருந்தும் வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்க்கும் வேலையைக் கையிலெடுத்து, எபிரெயு பாஷையும் கிரேக்கும் கற்று, பதினைந்து வருஷத்துக்குமேல் உழைத்தார்கள். சமஸ்கிருத பண்டிதைக்கு உயர்ந்த நடையில் எழுதுவது எளிது. கிராமத்துப் பெண் வாசித்தால் புரிய வேண்டும் என்றே சாதாரணச் சொற்களைத் தேடினார்கள். முக்தியின் பெண்களே எழுத்துக் கோர்த்து அச்சடித்தார்கள். 1919-ல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்துக் கனப்படுத்தியது.

தமக்குப்பின் முக்தியை நடத்த மனோரமாவைத்தான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்கள். பத்து மாதக் குழந்தையாய்த் தகப்பனை இழந்த அதே மனோரமா. ஒரே மகள். பலகாலம் வியாதியாய் இருந்த அந்த மகள் 1921 ஜூலை மாதம், நாற்பது வயதில், தாய்க்கு முன்னே கர்த்தரிடம் போய்விட்டார்கள்.

சகோதர சகோதரிகளே, இங்கேதான் எனக்கு மூச்சு நின்றது. 550 பேர் கூடி ஜெபித்து வானத்தின் அக்கினியைக் கண்ட வீடு அது. அங்கே ஜெபம் குறைவா? ரமாபாய்க்கு விசுவாசம் குறைவா? அபிஷேகம் குறைவா? இல்லவே இல்லை! ஆனாலும் மகள் போய்விட்டாள். அப்படியானால் எனக்குள் தைத்த அந்த முள்ளுக்கு என்ன அர்த்தம்? மரணம் வந்த வீட்டையெல்லாம் விசுவாசம் குறைந்த வீடு என்று எழுதினால், ரமாபாய் அம்மையாரின் வீட்டுக் கதவிலும் அப்படி எழுத வேண்டுமே. யாருக்குத் துணிவு வரும்?

மகளை இழந்த அந்தத் தாய், அறுபத்துமூன்று வயதில், மறுபடியும் அச்சுப்பிரதிகளைத் திருத்த உட்கார்ந்தார்கள். வேறு பதில் அவர்களுக்குக் கிடைத்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் கிடைத்ததால் அவர்கள் எழும்பவில்லை. கூட இருந்தவரை விடாமல் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முன்னால் இருந்த வேலையைச் செய்தார்கள். திருத்த வேண்டிய பக்கங்கள் மீதியிருந்தபோது, முடிக்கும்வரை இன்னும் பத்து நாள் தரும்படி கர்த்தரிடம் கேட்டார்கள் என்றும், அந்தப் பத்து நாளில் முடித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. 1922 ஏப்ரல் 5-ந் தேதி, தூக்கத்திலேயே தம்முடைய ஆண்டவரிடம் சேர்ந்தார்கள். அந்த வேதாகமம் அவர்களுக்குப்பின் வெளிவந்தது.

நாம் என்ன செய்வோம்?

அன்பானவர்களே, சுகமளிக்கிற தேவனை நான் இன்றும் விசுவாசிக்கிறேன். வியாதியஸ்தருக்காக ஜெபிப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஊக்கமாய் ஜெபியுங்கள்! ஆனால் பதில் நாம் கேட்டபடி வராத வீட்டுக்குப் போகும்போது, குறை கண்டுபிடிக்கப் போகாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்தார்களே, அதுவரைக்கும் நன்றாய்த்தான் செய்தார்கள். ரொட்டி கேட்க நாக்கு வராமல் நிற்கிற ஒரு விதவை உங்கள் தெருவிலும் இருப்பாள். கேட்கும் முன்னே கொடுங்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்தபின் மூன்றாம் மாதம் ஒருநாள் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா என்று மெதுவாய் விசாரியுங்கள். அதுவும் ஆராதனையே.

துக்கத்தில் இருக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கைகளை உயர்த்த முடியவில்லையா? பரவாயில்லை, மடியில் இருக்கட்டும். அந்தக் கைகளால் முன்னால் இருக்கிற சின்ன வேலையைச் செய்யுங்கள். நான் புத்தகத்தை முடித்த மறுநாள், எங்கள் தெருவில் புருஷனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் இரட்சிக்கப்பட்டவள் அல்ல. நான் ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. இருவரும் சேர்ந்து அழுதோம். திரும்பி வரும் வழியில், பல மாதத்துக்குப்பின் முதல்முறையாக, என் உதடு தானாகவே ஸ்தோத்திரம் சொல்லுவதைக் கேட்டேன். என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் என் இயேசு என்னைவிட்டுப் போகவில்லை என்று தெரிந்துகொண்டேன். அது எனக்குப் போதுமானதாய் இருந்தது.

இப்போது அந்தப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கடைசி வரிசையில் வந்து உட்காருகிறாள். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, பஞ்சத்தின் பிள்ளையைக் கைவிடாத தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். இந்தப் பக்கத்தைக் கண்ணீரோடு வாசிக்கிற ஒவ்வொருவரையும் உம்முடைய கரத்தில் தாங்கும். காயப்பட்டவர்களை மேலும் காயப்படுத்தாத நாவை எங்களுக்குத் தாரும். எங்கள் துக்கத்தை வீணாய்ப் போகவிடாதேயும். முக்தியில் இறங்கின அதே அக்கினியை எங்கள் சபையிலும் அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.